பகல் ஆட்டம்

"சினிமாவுக்குப் போறவ கையை இப்படி மூளியாவா வெச்சுக்குவா?" என்றான் அப்பாசாமி.

"இருட்டுல என் வளையலை யாருங்க பார்க்கப் போறா?" அலமேலு கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்தாள். தலையில் பூ, உடம்பில் கல்யாணச் சேலை.

இன்றைக்குப் பார்த்து எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள்! அவள் புருஷன் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

குழந்தை தனராஜ் அப்பாசாமியின் அக்கா இடுப்பில் இருந்தான். அலமேலு அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். போன வாரம் இதே கைதான், "யாரோ தேடி வர்றாங்க" என்று அந்தப் பிள்ளையைக் கரும்புக்குள் ஒளித்துவைத்தது. ஊரே திரண்டு தேடி எடுத்தது. மறுநாள் வெட்டுக்கு முன்னால் சோகையை எரிக்க அந்தக் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்க இருந்தார்கள்.

வேலைநிறுத்தம் அடங்கிச் சர்க்கரை ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய நேரம். பகலெல்லாம் பெண்டாட்டிக்குக் காவல் இருக்கிறேன் என்றால் மேஸ்திரி விடுவானா? அக்காவும் எத்தனை நாள்தான் பிள்ளையைப் பார்ப்பாள்?

ரோஸ் பெல் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். தலைநகர் போர்ட் லூயிஸில் தமிழ்ப் படம் வந்திருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். படமாவது, மண்ணாவது! டிக்கெட் வழியில் இருக்கிற போ பசான் ஊர் வரைக்கும்தான். அங்கே மனநோய் ஆஸ்பத்திரியில் எல்லாம் பேசி வைத்திருந்தான். போன வருஷம் அவள் அலற அலற நாலு பேர் உள்ளே இழுத்துப்போன கண்ணராவியை இன்னொரு தடவை பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"படத்துல என்ன கதை?" என்று கேட்டாள் அலமேலு.

"ஒரு புருஷன், பொஞ்சாதி." வாய்க்கு வந்ததை அளந்தான். "அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போகுது."

"உடம்பா?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். "மனசு."

"கடைசியில அவளை விட்டுட்டுப் போயிடறானா?"

"சேச்சே! நல்ல படம், அலமேலு."

போ பசானில், "ஒரு சிநேகிதரைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று இறக்கினான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு கூடவே நடந்தாள். ஆஸ்பத்திரி கேட்டருகே நர்ஸ் ஜெனெவியேவ், "பொன்ஜூர் மதாம்" என்று வணக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அலமேலு அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துபோனான். நம்பி வந்தவளை ஏமாற்றி உள்ளே தள்ளுவதா? பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது, இவளை எப்படிக் காப்பாற்றுவது, ஒன்றும் புரியவில்லை. ஆனது ஆகட்டும்!

"வா அலமேலு, திரும்பிடலாம். நிஜமாவே படத்துக்குப் போவோம்" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"வேண்டாங்க. உள்ள கண்ணாடி வளையலை விடமாட்டாங்கன்னுதான் வீட்டிலேயே கழட்டி வெச்சேன்."