அறாத கயிறு

மகளின் அவசரப் பாராசூட்டின் கயிறுகளை மடித்துக் கட்ட அவள் போட்டிருந்த ரப்பர் வளையங்கள் குப்பைக்கூடையில் கிடந்தன. பாராசூட் மடிப்பதே அவள் தொழில். குதிப்பதற்காக விமானத்தில் ஏறியிருந்த கணவனை வயர்லெஸ்ஸில் பிடித்தாள்.

"பொண்ணோட பையைப் பிரிச்சீங்களா?"

"ஆமா. ரப்பரை இழுத்துப் பார்த்தேன், பட்டுன்னு அறுந்துடுச்சு. குதிக்கப்போறது நம்ம பொண்ணாச்சே! நைலான் கயிறு போட்டுட்டேன். யானை இழுத்தாலும் அறாது."

"அடப்பாவி மனுஷா! சிக்கினா அறுந்து வழிவிடத்தானே ரப்பர்! நைலான் சிக்குச்சுன்னா பாராசூட் விரியவே விரியாது. அவளைக் குதிக்க விடாதீங்க, உங்க காலைப் பிடிக்கறேன்!"

"அவ வரவே இல்லடி. தலைவலின்னு கீழேயே நின்னுட்டா."

போன உயிர் திரும்பி வந்தது. திரும்பினால், வாசலில் மகள்.

"நான் போகாட்டி என்னம்மா? அப்பா அவ்வளவு கெட்டியாக் கட்டின பை சும்மா கிடக்கணுமா? அதையே அவருக்கு மாட்டிவிட்டுட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே, அவர் கவனிக்கல."

அவள் வயர்லெஸ் மேல் பாய்ந்தாள். "என்னங்க! என்னங்க!"

விமானிதான் பேசினார்.

"இப்பதான் குதிச்சாரும்மா. முதல் பாராசூட் விரியல... பயப்படாதீங்க, நீங்க மடிச்ச அவசரப் பாராசூட்தான் இருக்கே!"