பாதுஷாவின் சொந்தக்காரர்

குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்பாதுரை விம்மி விம்மி அழுதார். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கியவர். பட்டுச் சட்டையெல்லாம் குதிரையின் எச்சில் வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பந்தயத்துல கால் போனதும், என் ஆளு என்னைக் கேக்காம இதை உங்க ஊர் தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில வித்துட்டான் பாய். நேத்துதான் எனக்கே தெரியும். இன்னிக்கே குடுத்துடுங்க, இல்லாட்டி நான் செத்தேன்."

மூன்று காலில் நொண்டி வந்த அந்தக் குதிரைக்கு எட்டு மாதம் எண்ணெய் நீவி, கட்டுப் போட்டு, மெல்ல நடக்கப் பழக்கி ஜட்காவில் பூட்டியவர் மதார் சாகிப். பாதுஷா என்று பெயரும் வைத்தார். ரயிலடிக்கும் ரமணாசிரமத்துக்கும் சாட்டை படாமல் வண்டி இழுத்த ஒரே குதிரை அதுதான். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே பிள்ளை.

"மறுபடி ஓட விடுவீங்களா?"

"அண்ணாமலையார் மேல சத்தியம். இனிமே அது பந்தயத்துல ஓடவே ஓடாது."

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ரஹமத்துன்னிசா சீறினாள். "அது நொண்டினப்போ இந்தப் பாசக்காரரு எங்க போயிருந்தாராம்? குடுக்காதீங்க, சொல்லிட்டேன்!"

அப்பாதுரை தடாலென்று மதார் சாகிப்பின் காலில் விழுந்தார். பெரியவர் பதறி விலகினார். வாசலில் வந்து கெஞ்சியவனை வெறுங்கையோடு அனுப்பிய வழக்கம் அவர் பரம்பரையில் இல்லை. கயிற்றைத் தாமே அவிழ்த்தார்.

அப்பாதுரை நோட்டுக் கட்டை நீட்டினார்.

"உள்ளார வைங்க. புள்ளையை விக்கிற குடும்பம் இல்ல இது."

"அப்ப குதிரை வாங்கினப்போ சந்தையில குடுத்த சீட்டையாவது குடுங்க பாய். அது போதும்."

குதிரையைக் கொடுத்தவருக்குச் சீட்டு எதற்கு? எடுத்துக் கொடுத்துவிட்டார்.

காரின் பின்னால் வந்திருந்த லாரியில் ஏற மறுத்துப் பாதுஷா பின்வாங்கியது. மதார் சாகிப் பிடரியைத் தடவி, "போடா ராஜா, உன் வூட்டுக்குத்தான்" என்றார். அவர் சொன்ன பிறகே ஏறியது.

லாரி போய் அரைமணி ஆகியிருக்காது. தோல்பையோடு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஜட்கா மதார் சாகிப் நீங்கதானுங்களா? நான் மெட்ராஸ்ல இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆளு. பஸ்ஸு லேட்டாயிடுச்சு."

"சொல்லுங்க."

"பந்தயத்துல கால் ஒடிஞ்சி செத்துப்போச்சுன்னு போன வருஷம் அப்பாதுரை எங்ககிட்ட பணம் வாங்கின குதிரை, உங்க லாயத்துல இருக்குதாமே?"

மதார் சாகிப் காலியான லாயத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "உயிரோட அதைக் காட்டிட்டீங்கன்னா போதும் பெரியவரே, அவரு ஜெயிலுக்குத்தான்."