நிலம் விற்பனைக்கு இல்லை

"யோவ், நெலம் கேட்டுகினு இன்னொரு தபா இந்த வாசப்படிய மிதிச்சே, மரியாத கெட்டுடும்."

பென்னலூரில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள் சொர்ணம்மாள். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய வெளியூர்ப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கையில் பையோடு நின்ற சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் நில புரோக்கரே இல்லை. அரசாங்கக் காசநோய்ப் பிரிவில் ஊழியன். சொர்ணம்மாள் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கும் மாரிசெல்வத்தைப் பார்க்கத்தான் அடிக்கடி வருகிறான்.

மாரிசெல்வம் தென்காசிப் பக்கத்துப் பையன். கம்பெனி வேலைக்கு வந்தவன். சின்ன வயதிலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு இப்போது டி.பி.யும் சேர்ந்துகொண்டது. இதற்கு முன் இருந்த இரண்டு அறைகளிலும் விஷயம் தெரிந்ததும் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். இடம் தேடி அலைந்ததில் இரண்டு தடவையும் மாத்திரை பாதியில் நின்றது. இன்னொரு தடவை நின்றால் அப்புறம் மருந்துக்கு நோய் அடங்காமலே போகலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த ரூமும் போச்சுன்னா நான் எங்கண்ணே போவேன்? அந்தம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்கிடுங்க" என்று மாரிசெல்வம் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். அதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

அதனால்தான் முதல் நாள் சொர்ணம்மாள் வழிமறித்து, நிலம் கேட்டு வந்த புரோக்கரா என்று விசாரித்தபோது, சிவசங்கர் தப்பித்தோம் என்று தலையாட்டிவைத்தான். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் புரோக்கர் ஏறாத வாசல் எது?

அன்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. திட்டித் தீர்த்த பிறகு, "பின்னால பானையில தண்ணி கீது, குடிச்சிட்டுக் கெளம்பு" என்பாள். அந்தச் சாக்கில்தான் அவன் பின்பக்கம் போய் மாரிசெல்வத்திடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவான். டீக்கடையில்கூட, புரோக்கர் இன்றைக்கும் வெறுங்கையா என்று கேலி செய்தார்கள்.

என்ன பொம்பளை இவள் என்று எரிச்சலாக வரும். நோய் என்று மட்டும் தெரிந்தால் பையனைத் துரத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள் என்று பயமாகவும் இருக்கும்.

மாதங்கள் ஓடின. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. மாரிசெல்வம் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

கிளம்பும்போது சிவசங்கருக்கு மனசு கேட்கவில்லை. சொர்ணம்மாள் வாசலில் தனியாக இருந்தாள். தெருவில் ஆளே இல்லை. அன்றைக்கு என்னவோ அவள் கத்தவும் இல்லை.

"அம்மா, நான் புரோக்கர் இல்லைங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் தம்பி. மொத நாளே உன் பையில மாத்திரை அட்டயப் பாத்துட்டேன். அதான் நானே புரோக்கரான்னு கேட்டேன். எங்கூட்டுக்காரரும் அதே மாத்திரைதான் முழுங்கினாரு. அப்ப நாங்க இருந்த ஊர்ல ஒரு வூட்டுக்காரங்களும் எங்ககூடப் பேசல. அவமானத்துல பாதியிலயே நிறுத்திட்டாரு. போய்ட்டாரு."

சிவசங்கர் பையைக் கீழே வைத்தான்.

"அப்போ நிலத்துக்காக அந்தத் திட்டு திட்டினீங்களே?"

"இவன் யாரு, இன்னாத்துக்கு வரான்னு தெரு கேக்கும்ல? கேக்கறதுக்கு முன்ன நானே கத்திச் சொல்லிட்டேன். மத்தபடி எனக்கு ஏதுப்பா நெலம்? இருந்த ஒரு காணியும் கம்பெனி வந்தப்பவே பூடுச்சி."