ரெண்டாவது பக்கம்

பஞ்சு கறுப்பாயிடுச்சு.

ஊசிக்காரர் இன்னொரு பஞ்சை எடுத்து மெதுவா ஒத்திப் பார்த்தாரு. அதுவும் கறுப்பு. மை கரைஞ்சு வர்ற மாதிரி வருது.

"அழுக்குதானே?"ன்னு எட்டிப் பார்த்தா அவர் சம்சாரம்.

"அழுக்கு இல்லடி... குரலு."

ஊசிக்காரர்னா வேற ஏதோன்னு நினைச்சுடாதீங்க. பழைய இசைத்தட்டுல ஊசியை வச்சு ஓட விட்டு, கரகரப்பு இல்லாம கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுக்கிறவரு. ஒரு தடவை யாரோ ஒரு அம்மா இந்தப் பேரை நம்பி, கைக்குழந்தையைத் தூக்கிட்டு தடுப்பூசி போட வந்து உட்கார்ந்துட்டா. பாட்டுக் கேட்டுக் குழந்தை தூங்கினதும் எழுந்து போனா. அது கிடக்கட்டும்.

சாதாரணத் தட்டுன்னா தண்ணியில கொஞ்சம் ஸ்பிரிட்டைக் கலந்து துடைக்கலாம், ஒண்ணும் ஆகாது. இது அப்படியில்ல. அந்தக் காலத்துல ஸ்டுடியோவுக்குப் போய், மைக் முன்னாடி நின்னு பாடி, அங்கேயே வெட்டி வாங்கின ஒத்தைத் தட்டு, வேற பிரதியே கிடையாது. உள்ளே தகடு, மேல வெறும் பூச்சு. ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும்.

ஓரத்தைப் பார்த்தாலே தகடு தெரியும். துடைக்கிறதுக்கு முன்னாடி, இருக்கிறபடியே ஒரு தடவை ஏத்தியும் வச்சுக்கணும். முப்பது வருஷமா ரெண்டையும் செய்யாம அவர் எந்தத் தட்டையும் தொட்டதில்ல. இன்னிக்கு ரெண்டையுமே செய்யல. முதல் பக்கம் சோப்புத் தண்ணிக்கே பளிச்சுன்னு ஆயிடுச்சு, பாட்டும் சுத்தமா ஏறிடுச்சு. ரெண்டாவது பக்கத்துல ஒரே கைப்பிசுக்கு. போகவே மாட்டேன்னுச்சு. அந்த எரிச்சல்ல ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துட்டாரு.

ஊசியை வச்சுப் பார்த்தாரு. ஸ்ஸ்ஸ்... கடைசி வரைக்கும் அதேதான். அதுல என்ன இருந்துச்சுன்னுகூட அவருக்குத் தெரியாது.

"யாரோட தட்டுங்க?"

"மேட்ரனம்மாவோடது."

சம்சாரம் வாசப்பக்கம் எட்டிப் பார்த்துக்கிட்டா.

நர்ஸுங்களுக்கெல்லாம் தலைமையா இருந்தவங்க, மேட்ரனம்மான்னா ஆஸ்பத்திரியே நடுங்கும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வெளிச்செருப்போட வந்த பெரிய டாக்டர் கையில துடைப்பத்தைக் கொடுத்து, தரையைத் துடைக்க விட்டவங்க. துடைச்சாரே மனுஷன்! இந்தம்மா ரிட்டயர் ஆனப்புறமும் தெருவுல பார்த்தா அந்த டாக்டர் செருப்பைக் கழட்டுவாராம்.

"உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா? நாளைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும். அப்புறம் எவன் என்னை நம்பித் தட்டைக் கொடுப்பான்?"

"வேற என்ன பண்ணப் போறீங்க?"

"நீ உள்ளே போ."

மணி மூணே முக்கால். நாலுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாங்க, அந்தம்மா ஒரு நிமிஷம் தவற மாட்டாங்க. கறுத்த பஞ்சையெல்லாம் பேப்பர்ல சுருட்டிக் குப்பைக்கூடைக்கு அடியில அமுக்கினாரு. ஜன்னலைத் திறந்தாரு. ஃபேனைக் கூட்டினாரு.

வாசல்ல கேட் கிறீச்சுன்னுச்சு.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"வாங்கம்மா, உட்காருங்க."

முதல் பக்கத்தைப் போட்டாரு. மேட்ரனம்மாவோட வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல பாடினது. அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம்.

"கரகரப்பே இல்லையேப்பா! பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கு. சரி, அடுத்ததைப் போடு."

ஊசிக்காரர் தட்டை எடுத்துத் திருப்பினாரு.

"அம்மா... அந்தப் பக்கம் முன்னாடியே போயிருக்கும்மா. ஒரேடியா தேய்ஞ்சிருக்கு. நான் தொடறதுக்கு முன்னாடியே..."

மேட்ரனம்மா தட்டை வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாங்க. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாங்க.

"ஸ்பிரிட் வாசனை அடிக்குதே?"

"அது... ஊசியைத் துடைக்கிறதுக்கும்மா."

கதவுக்குப் பின்னால நின்ன சம்சாரம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

மேட்ரனம்மா அவர் முகத்தைப் பார்த்தாங்க. நெத்தி வேர்வையைப் பார்த்தாங்க. நடுங்கற கையைப் பார்த்தாங்க. இப்ப விழும், இப்ப விழும்னு அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"ஆமாம்பா" அப்படின்னாங்க. "அந்தப் பக்கம் எப்பவோ போயிடுச்சு. நான்தான் மறந்துட்டேன்."

தட்டை உறையில போட்டு, பாட்டு ஏத்தின பென் டிரைவைக் கைப்பையில வச்சுக்கிட்டு எழுந்தாங்க.

"கை இப்படி நடுங்குதே, சர்க்கரை இருக்கான்னு பார்த்தியா? வெறும் வயித்துல போய் டெஸ்ட் பண்ணிக்கோ. பயப்படாதே."

கேட் சாத்தற சத்தம் கேட்டப்புறம்தான் ஊசிக்காரர் மூச்சு விட்டாரு.

"பார்த்தியாடி? வயசாயிடுச்சு, அவங்களுக்கே ஞாபகம் இல்ல! உன் பேச்சைக் கேட்டு உளறியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சம்சாரம் குப்பைக்கூடையைத் தூக்கிக்கிட்டு கொல்லைப்பக்கம் போனா.

மறுநாள் காலையில ஃபோன். மேட்ரனம்மாவோட மருமக.

"அண்ணே, ரெண்டாவது பக்கத்தைப் பென் டிரைவ்ல போட மறந்துட்டீங்களா? அத்தையைக் கேட்டா வாயையே திறக்க மாட்டேங்கறாங்க."

"அது எப்பவோ போயிடுச்சேம்மா. உங்க அத்தையே சொன்னாங்களே!"

"எப்பவோவா? என்னண்ணே சொல்றீங்க? உங்ககிட்ட கொண்டு வந்த அன்னிக்குக் காலையில கூட, மடியில கையைக் கோத்து வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தைத்தானே கேட்டாங்க. மாமா அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறது அதுல மட்டும்தானே இருக்கு!"