கருநீலமும் கருப்பும்

“வெளிச்சம் பத்தலை சார்” என்றார்கள் ஆறு பேரும், ஒரே குரலில்.

விளக்கு கம்பெனிக்காரர் இன்னும் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. அது அவர் மூன்றாவது முறையாக மாட்டிய விளக்கு.

சட்டை பட்டன் செய்யும் தொழிற்சாலை அது. செக்கிங் பிரிவில் ஆறு பெண்கள். தட்டில் குவிந்து கிடக்கும் பட்டன்களில் கீறல், விரிசல் பார்த்து, நிறம் பிரித்துப் பெட்டியில் போட வேண்டும். கருப்புப் பெட்டியில் கருநீலம் கலந்துவிட்டால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். இந்த ஆறு பேரும் சரி என்றால்தான் மற்ற மூன்று ஷெட்டுக்கும் எல்இடி ஆர்டர்.

முதலில் மாட்டியது பளீரென்ற வெள்ளை விளக்கு. கருப்பும் கருநீலமும் ஒரே மாதிரி தெரிகிறது என்றார்கள். நியாயம்தான் என்று, நிறத்தை உள்ளபடி காட்டும் உயர்ந்த ரகமாக மாற்றினார். பட்டன் பாலிஷில் பட்டுக் கண் கூசுகிறது என்றார்கள். அதுவும் நியாயம்தான். மேலே மங்கல் மூடி போட்டு, மேசையை விட்டுச் சற்றுத் தள்ளி மாட்டினார். இப்போது வெளிச்சம் பத்தவில்லையாம்.

இறங்கிவந்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரை மேசைமேல் வைத்தார்.

“ஆபீசுக்கே ஐநூறு லக்ஸ் போதும்க்கா. இங்க ஆயிரம் காட்டுது பாருங்க.”

“மீட்டருக்குத் தெரியுது தம்பி. எங்களுக்குத் தெரியணுமே” என்றார் பெரியக்கா. ஆறு பேரில் மூத்தவர் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். பெண்கள் பிரித்த பெட்டிகளைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்து, தப்பு இருந்தால் திருத்தி, முத்திரை குத்துவது அவர் வேலை. விஷயத்தைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். வீட்டில் விடிய விடிய டிவி பார்த்துவிட்டு இங்கே வந்து லைட்டைக் குறை சொல்வதே இவர்களுக்குப் பிழைப்பு, சூரியனையே கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டாலும் பத்தாது என்றார். கண் தெரியாதவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்றும் கேட்டார்.

ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விளக்குக்காரருக்கு சூப்பர்வைசர்மேல் மரியாதை வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் நியாயம் தெரிந்த ஒரே மனுஷன்.

மறுநாள் விளக்குக்காரர் ஒரு திட்டத்தோடு வந்தார். இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு கைப்பிடி பட்டன் எடுத்துக் கலந்து, பெண்கள் உட்கார்ந்து டீ குடிக்கும் பின்பக்க நடைக்குப் போனார். அங்கே பழைய பல்பு ஒன்று, எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி எரிந்துகொண்டிருந்தது.

பெரியக்காவிடம் நீட்டி, சும்மா இதைப் பிரித்துக் கொடுங்கள் என்றார்.

பெரியக்கா பக்கத்திலிருந்தவரிடம் தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. மருமகன் கதை முடிவதற்குள் பட்டன் இரண்டு குவியலாகிவிட்டது. விளக்குக்காரர் அதை வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை. இன்னொருத்தரிடமும் கொடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் செக்கிங் மேசைக்கே வந்து நின்றார்.

“ஏன்க்கா, இந்த அழுதுவடியற பல்புலயே உங்களுக்கு எல்லாம் தெரியுது. அப்புறம் எதுக்கு என்னை மூணு தடவை ஏணி ஏற வெச்சீங்க? என் ஆர்டர் கெட்டுப்போறதுல உங்களுக்கு என்ன லாபம்?”

பெரியக்கா பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் உள்ளே வந்து, புது விளக்குக்கு அடியில் நின்று இரண்டு பெட்டிகளைக் கிளறிப் பார்த்தார்.

“கருநீலத்துல நாலு கருப்பைப் போட்டு வெச்சிருக்கீங்க. நான் எடுத்து அதது இடத்துல போட்டுட்டேன். நான் ஒருத்தன் இல்லேன்னா இந்தக் கம்பெனி என்னாகறது?”

தப்புதான் சார், இனிமேல் பார்த்துப் போடுகிறோம் என்றார் பெரியக்கா. சூப்பர்வைசர் பெட்டிகளை ஒட்டி முத்திரையைக் குத்திவிட்டு, முனகிக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்தியதும் பெரியக்கா கருப்புப் பெட்டியைப் பிரித்தார். நாலு கருநீலப் பட்டனைப் பொறுக்கி எடுத்து, பழையபடி கருநீலப் பெட்டியில் போட்டார். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் கேட்காமல் டேப்பை நீட்டினார்.

விளக்குக்காரர் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போன லைட்டுல ஒன்பது மாத்திட்டாரு. இந்த லைட்டுல நாலுதான். அதான் இன்னும் கொஞ்சம் கேட்டோம்” என்றார் பெரியக்கா.

“அவர்கிட்டயே சொல்லிடலாமேக்கா. கண் டாக்டரைப் பார்த்தா சரியாயிடுமே.”

“நாங்க சொன்னா அன்னைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுவாரு. அவ்வளவு ரோஷம். போன வருஷம் முதலாளி, ஆறு பேர் எதுக்கு, ரெண்டு பேரை அனுப்பிடுன்னு சொன்னப்பவும் எழுதிக் கொடுத்தாரு. முதலாளிதான் இறங்கி வந்தாரு. அதனாலதான் நாங்க ஆறு பேரும் இங்க இருக்கோம்.”

விளக்குக்காரர் மெல்ல ஏணியை எடுத்து விரித்தார். இன்னும் இரண்டு விளக்கு மாட்டினால் போதுமா என்று கேட்டார்.

“மாட்டுங்க. அவர் ரிடையராக இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுவரைக்கும் எங்க ஆறு பேருக்கும் கண்ணு தெரியாது தம்பி.”