இரண்டு முறை இழுத்தால்

கீழ்பென்னாத்தூர் ஏரியோரம் வர்த்தமானனுக்கு வேர்க்கடலைக் கொல்லை. சேற்று நாணலுக்குள்ளிருந்து மான்கள் மேய வரும். ஜைனர் என்பதால் அவர் உயிரைக் கொல்வதில்லை. புங்கமரத்துப் பரணில் உட்கார்ந்து, உண்டிவில்லால் மண்ணுருண்டை எய்து விரட்டுவார்.

இருட்டிய பிறகு சாப்பிடுகிற வழக்கமும் இல்லை. அதனால் மனைவி சுனந்தா ஐந்தரைக்கே சோறு கொண்டுவருவாள். பரணிலிருந்து தொங்கும் கயிற்றில் சோற்றுத் தூக்கைக் கட்டி இரண்டு முறை இழுப்பாள். அவர் மேலே தூக்கிக்கொள்வார்.

போன தை மாதம் ஒருநாள் கயிறு இழுபட்டபோது எதிரே மான் கூட்டம். "இரும்மா, வரேன்" என்று வில்லை வளைத்தார். கூட்டத்தை விரட்டிவிட்டுக் கீழே பார்த்தால், சுனந்தா கயிற்றைப் பிடித்தபடி விழுந்து கிடந்தாள். பாம்பு கடித்திருந்தது. தூக்கை அவள் கட்டவே இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்றார் டாக்டர்.

இன்று மகள் சுருதி வந்து மரத்தடியில் நின்றாள்.

"போதும்ப்பா, இறங்குங்க. என்னோட திருவண்ணாமலைக்கு வந்துடுங்க."

"அஞ்சரை ஆவட்டும்மா."

ஐந்தரைக்கு, சுருதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயிறு இரண்டு முறை இழுபட்டது. பக்கத்தில் யாருமில்லை.

வர்த்தமானன் வில்லைப் போட்டுவிட்டு, முழங்கால் சிராய்க்க இறங்கினார். "வந்துட்டேன் சுனந்தா! எங்க கடிச்சுது, சொல்லு!"

கொல்லைக்குள் மான்கள் நுழைந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றில்லாத மாலையில் கயிறு விறைப்பாக நின்றது. அவர் கை பட்ட பிறகுதான் மெல்லத் தளர்ந்தது.