ஐம்பது புயல்

பெண் கேட்க வந்த கொசுகி, ஜப்பானிய முறைப்படி மண்டியிட்டு அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க குடும்பப் பேரு இகராஷி. எழுத்துப்படி அர்த்தம், ஐம்பது புயல்! உன் கொசுகிக்கு என்ன அர்த்தம்?" என்றார் பெண்ணின் அப்பா.

"சின்ன தேவதாருங்க."

"புயல்ல தாங்காதே! எங்களுக்கு ஆண்வாரிசு இல்ல தம்பி. பொண்ணு வேணும்னா எங்க பேருக்கு மாறிடு."

கொசுகி நிமிர்ந்தான். "அப்பா குடுத்த பேருங்க. உங்களைக் கேட்டா விடுவீங்களா?"

தேநீரோடு வந்த பெண்ணின் அம்மா சிரித்தாள். "முப்பது வருஷம் முன்னாடி இதே இடத்துல உக்காந்து இவரும் இதையேதான் கேட்டாரு. அப்ப இவரு பேரு இனுகாய். நாய் வளர்ப்பவர்னு அர்த்தம். இவரை பேரு மாத்தச் சொன்ன எங்கப்பாவும் வெளியிலேருந்து வந்த மாப்பிள்ளைதான்!"

இகராஷிப் புயல் கூரையைப் பார்த்தது.

கொசுகி மடக்கிய காலை நிம்மதியாக நீட்டினான். "அப்ப ஐம்பத்தோராவது புயலா என்னையும் சேத்துக்குங்க, மாமா!"